பெடல் கயாக்: கரையில் பார்க்க வேண்டியது, கடையில் கேட்க வேண்டியது

விக்டோரியா நீர்த்தேக்கத்தில் நீர் வற்றும் காலத்தில் பழைய தெல்தெனிய நகரம் தலைகாட்டும். 1985இல் திறக்கப்பட்ட அணைக்கட்டுக்காக நீருக்குள் போன ஊர் அது. இடிந்த சுவர்கள், படிக்கட்டுகள், பட்டுப்போன மரக்குற்றிகள் எல்லாம் சேற்றோடு வெளியே வரும். அதைப் பார்க்கவென்றே கண்டியிலிருந்தும் திகனவிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். மழை பெய்து நீர் ஏறியதும் எல்லாம் மறைந்துவிடும். ஆனால் சுவர் அங்கேயேதான் நிற்கிறது. நீர்மட்டத்துக்கு ஒரு முழம் கீழே நிற்கும் சுவரைக் கலங்கல் நீரில் யாராலும் காண முடியாது.

துடுப்புப் போடும் படகுக்கு அதனால் பெரிய சேதமில்லை. அடி உரசும், அவ்வளவுதான். காலால் மிதித்து ஓட்டும் மீன்பிடிக் கயாக்கின் நிலைமை வேறு. அதன் வயிற்றுக்குக் கீழே ஓர் அடிக்கு மேல் ஒரு பொறி தொங்கிக்கொண்டிருக்கிறது. சுவரில் முதலில் மோதுவது அதுதான். மோதிய இடம் கரையிலிருந்து தூரமாக இருந்து, கையில் ஒரு துடுப்பும் இல்லாமற்போனால், பின்னேரக் காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம்தான் போக வேண்டும்.

இந்த வகைக் கயாக் நமக்குப் புதிது. நீர்த்தேக்கங்களில் வலை போட்டுப் பிழைப்பவர்கள் ஃபைபர் வள்ளங்களையே நம்பியிருக்கிறார்கள். பெடல் கயாக்கை வாங்குபவர்கள் பெரும்பாலும் வார இறுதியில் தூண்டில் போடப் போகிறவர்கள், வாடகைக்கு விடும் விடுதிக்காரர்கள், வெளிநாட்டிலிருந்து வந்ததை இரண்டாம் கையாக வாங்கும் இளைஞர்கள். பழுதானால் யாரிடம் கொண்டுபோவது என்று பலருக்குத் தெரியாது. சைக்கிள் கடைக்கோ ஃபைபர் வேலை செய்யும் பாஸிடமோ போகிறது. அவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் இந்தப் பொருளின் சுபாவம் தெரியாமல் செய்யும் திருத்தம் உயிருக்கு உலைவைக்கும். கரையில் நாம் பார்க்க வேண்டியவை சில உண்டு. விற்றவரும் திருத்தியவரும் வாடகைக்குத் தந்தவரும் பதில் சொல்ல வேண்டியவை அதைவிட அதிகம். இரண்டையும் தெரிந்துகொண்டே நீரில் இறங்க வேண்டும்.

பொறி

பெடல் பொறியில் இரண்டு வகை. ஒன்று, ஹோபி என்ற அமெரிக்க நிறுவனம் 1997இல் கொண்டுவந்தது. இரு பெடல்களையும் முன்னும் பின்னும் தள்ள, அடியில் இரண்டு செட்டைகள் பென்குயின் நீந்துவதுபோல் பக்கவாட்டில் வீசும். மற்றது சைக்கிள் போலச் சுற்றி மிதிப்பது. மேலே ஒரு பல்சக்கரப் பெட்டி, நடுவே தண்டு, கீழே இன்னொரு பல்சக்கரப் பெட்டி, அதன் முனையில் புரொப்பெல்லர். உங்களுடையது எந்த வகை என்று தெரியாமல் எவருடைய ஆலோசனையையும் கேட்காதீர்கள். ஒன்றுக்குச் சரியான பராமரிப்பு மற்றதற்குப் பொருந்தாது.

புரொப்பெல்லர் வகையில் ஒரு சின்ன உலோக ஊசி இருக்கிறது. ஷியர் பின் என்பார்கள். பல மாதிரிகளில் புரொப்பெல்லரைத் தண்டோடு பூட்டி வைப்பது அதுதான். அது முறிவதற்கென்றே மென்மையாகச் செய்யப்பட்டது. புரொப்பெல்லர் சுவரிலோ மரவேரிலோ மாட்டினால் ஊசி முறியும், உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் தப்பும். மாற்று ஊசி சட்டைப் பையில் கிடந்தால் ஐந்து நிமிட வேலை. திருத்த வந்த ஒரு பொறியை அருகே நின்று பார்த்தேன். முன்பு யாரோ அந்த ஊசிக்குப் பதிலாகக் கொங்கிறீட் ஆணியை வெட்டிச் சொருகியிருந்தார்கள். ஆணி முறியவில்லை. உள்ளே பல்சக்கரத்தின் மூன்று பற்கள் சிதறி, கறுத்த கிறீஸில் மினுங்கிக்கொண்டிருந்தன. சில நூறு ரூபாயோடு முடிந்திருக்க வேண்டிய பழுது, பெட்டியையே மாற்றும் செலவாகிவிட்டது. படகின் உரிமையாளருக்கு ஆணி இருந்ததே தெரியாது. அவர் அதை இரண்டாம் கையாக வாங்கியவர். ஆகவே பழைய கயாக் வாங்கும்போது புரொப்பெல்லரைக் கழற்றி அந்த ஊசியைக் கண்ணால் பாருங்கள். விற்பவர் மறுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

பல்சக்கரப் பெட்டியில் எண்ணெய் ஊற்றும் மாதிரியானால், அந்த எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். தெளிவாக இருந்தால் நல்லது. பால் கலந்த தேநீர் நிறத்தில் வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போகிறது, றப்பர் சீல் போய்விட்டது என்று பொருள். நம் ஊரில் சீலைக் கெடுப்பது பெரும்பாலும் தங்கூசி. அறுந்த தூண்டில் நூல் புரொப்பெல்லரின் பின்புறம் சுற்றிக்கொள்ளும். மிதிக்க மிதிக்க இறுகி, கத்தி போல் சீலை அறுக்கும். பின்னல் நூல் இன்னும் மோசம். ஒவ்வொரு முறை கரையேறியதும் புரொப்பெல்லரைக் கழற்றிப் பின்பக்கம் ஒரு தடவை பார்த்தால் இந்தச் செலவு வராது. அறுத்தெடுத்த நூலை நீரிலே போடாதீர்கள். அது அடுத்தவருடைய படகுக்கோ ஒரு நீர்க்காகத்தின் காலுக்கோ போய்ச் சேரும்.

செட்டை வகையில் சங்கிலியும் கம்பிவடமும்தான் நோய் வரும் இடம். வடத்தின் இழைகள் ஒவ்வொன்றாக அறும், வெளியில் தெரியாது. சிறிது பஞ்சை எடுத்து வடத்தின் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டு போங்கள். அறுந்த இழை இருந்தால் பஞ்சு அதில் சிக்கி நிற்கும். ஒரே ஓர் இழை அறுந்திருந்தாலும் வடத்தை மாற்றுங்கள். செட்டையின் நடுத்தண்டு வளைந்திருந்தால் மாற்றிவிடுவதே பாதுகாப்பு, ஒருமுறை வளைந்த கம்பி பலவீனப்படும். பெடலில் ஆட்டம் கண்டால் சங்கிலியின் இறுக்கத்தைச் சரிசெய்யும் நட்டுகளைத் திருகுங்கள், இரு பக்கமும் ஒரே அளவுக்கு. கிறீஸ் என்றால் நீரில் கரையாத வகை. சமையல் எண்ணெயோ பழைய எஞ்சின் எண்ணெயோ வேண்டாம். கண்டி நகரத்துக்கான குடிநீர் கெட்டம்பேயில் மகாவலியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. பொறியைக் கழுவும் எண்ணெய்த் தண்ணீர் ஆற்றுக்குப் போகக்கூடாது.

சுக்கான் கயிற்றையும் மறக்க வேண்டாம். பெடல் கயாக்கைத் திருப்புவது சுக்கான் மட்டுமே. கப்பியில் உரசும் இடத்தில் கயிறு பஞ்சாகி இருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள்.

உடல்

பெரும்பாலான மீன்பிடிக் கயாக்குகளின் உடல் பொலித்தீன் குடும்பத்துப் பிளாஸ்டிக். நமது தண்ணீர்த் தொட்டிகளைப் போலவே அச்சுக்குள் பொடியை உருக்கிச் சுழற்றி வார்த்தது. இந்தப் பிளாஸ்டிக்கில் ஃபைபர் ரெசின் பிடிக்காது. இதை அழுத்திச் சொல்லக் காரணம், வெடிப்பு விழுந்ததும் எல்லாரும் முதலில் செய்வது ஃபைபர் துணி ஒட்டுவதுதான். ஒட்டிய அன்று கல்லுப் போல இருக்கும். சில வாரத்தில் ஓரம் கிளம்பும். பிறகு ஒருநாள் நடு நீரில் முழுத் துண்டாக உரிந்து போகும். சூப்பர் குளூவும் அப்படித்தான்.

சரியான வழி, அதே இனப் பிளாஸ்டிக் கம்பியை உருக்கி வெல்டிங் செய்வது. வெடிப்பின் இரு முனைகளிலும் முதலில் சிறு துளை போட வேண்டும். இல்லாவிட்டால் வெல்டிங்குக்கு அப்பால் வெடிப்பு ஓடும். தண்ணீர்த் தொட்டி திருத்துகிறவர்களில் இந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எந்தப் பிளாஸ்டிக் கம்பி போடுகிறார் என்று கேளுங்கள். பம்பர் திருத்தும் கம்பி இதில் சேராது. பொறியை இறக்கும் குழியின் மூலையில் வெடிப்பு என்றால் வெல்டிங்குக்கே போகாதீர்கள். கால் மிதிக்கும் முழுப் பலமும் விழும் இடம் அது. வொரண்டி இருந்தால் உடலையே மாற்றித் தரக் கேளுங்கள். இல்லையென்றால் அந்தப் படகை நீருக்கு விடாதீர்கள்.

உடலுக்குள் தண்ணீர் சேர்வதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். "கொஞ்சத் தண்ணீர்தானே" என்பார்கள். படகு சற்றுச் சாய்ந்ததும் அந்தக் கொஞ்சமும் சாய்ந்த பக்கத்துக்கே ஓடிச் சேர்ந்து இன்னும் சாய்க்கும். மீனைத் தூக்கக் கொஞ்சம் குனிந்த மனிதர் கவிழ்வது இப்படித்தான். கரையேறியதும் வடிகால் மூடியைத் திறந்து, எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு கோப்பைக்கு மேல் வந்தால் காரணத்தைத் தேட வேண்டும். முதலில் மூடியின் றப்பர் வளையம், பிறகு மேல்மூடிகளின் ஓரம், பிறகு தூண்டில் தாங்கி பொருத்தத் துளைத்த ஆணித் துளைகள். இவற்றில் ஒன்றுமில்லை என்றால், காய்ந்த படகுக்குள் சில வாளி தண்ணீர் ஊற்றி இரண்டு மேசைகளின் மேல் வைத்து, வெளியே எங்கே கசிகிறது என்று பாருங்கள். நிறைய ஊற்றினால் பாரத்தில் படகே வளையும்.

மற்றவை எளிது. நிழலில் வையுங்கள். வேனின் கூரையில் கட்டும்போது வெயிலில் பட்டியை இறுக்கிவிட்டு அப்படியே நிறுத்தாதீர்கள், உடல் குழிந்துவிடும். அப்படிக் குழிந்தால் பயப்பட வேண்டாம். பட்டியை அவிழ்த்து வெயிலில் வைத்தால் பெரும்பாலும் தானாக மேலே வரும். அலுமினியத்தில் பூட்டிய எஃகு ஆணிகளை வருடத்துக்கொரு முறையாவது கழற்றிக் கிறீஸ் பூசிப் பூட்டுங்கள். நன்னீரிலும் அவை இறுகிப் போகும்.

நீர்

விக்டோரியா, ரந்தெனிகல, ரன்டம்பே, கொத்மலை, பொல்கொல்ல எல்லாமே மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் கட்டப்பட்டவை. அங்கே நீர் உங்கள் பொழுதுபோக்குக்காகக் காத்திருப்பதில்லை. பொல்கொல்லயிலிருந்து மகாவலி நீர் சுரங்கத்தின் வழியே உக்குவளை மின்நிலையத்துக்குப் போகிறது. விக்டோரியாவிலும் சுரங்கம் நீரை இழுக்கிறது. சுரங்க வாயையும் வான்கதவையும் அண்டிப் போவது எந்தக் கயாக்குக்கும் கூடாது. கால் பலத்தால் வெல்லக்கூடிய இழுப்பு அது இல்லை. விக்டோரியாவின் வான்கதவுகள் நீர்மட்டம் ஏறியதும் தாமாகத் திறக்கும் வகையில் அமைந்தவை. பொல்கொல்ல அணைக்குக் கீழே வற்றிக் கிடக்கும் ஆற்றில் தூண்டில் போடுகிறவர்களும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மேலே மழை என்றால் கீழே வெயிலடித்தாலும் நீர் வரும்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மலைநாட்டில் பின்னேரம் இடி மின்னல் சாதாரணம். நடு நீரில் தூண்டில் கம்பைப் பிடித்து உட்கார்ந்திருப்பவரே அந்த வெளியில் உயரமான பொருள். மதியத்தோடு கரையேறிவிடுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தில் செய்த அழிவை நாம் இன்னும் மறக்கவில்லை. மண்சரிவோடு நீர்த்தேக்கங்களுக்குள் வந்த மரமும் கல்லும் பழைய வழித்தடங்களை மாற்றியிருக்கும். பழக்கமான இடம் என்ற துணிச்சலை விட்டுவிட்டு, தெரிந்த மீனவர் ஒருவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

பொறி எவ்வளவு புதிதானாலும் படகில் ஒரு துடுப்புக் கட்டியிருக்க வேண்டும். உயிர்காப்பு அங்கி இருக்கைக்குப் பின்னால் கிடப்பது போதாது, உடம்பில் பூட்டியிருக்க வேண்டும். கவிழ்ந்த கயாக்கில் ஏறிப் பழகாதவர் முதலில் இடுப்பளவு நீரில் வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகட்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று. வலை போட்டுப் பிழைப்பவர்களின் வலைக்குள் உங்கள் செட்டை சிக்கினால் வலையை அறுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். பொறியை மேலே தூக்கி, வலையை விடுவியுங்கள். கிழிந்தால் ஆளைத் தேடிப் பிடித்து நட்டத்தைக் கொடுங்கள். உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பொழுது; அவருக்கு அந்த வாரத்துச் சாப்பாடு.

உரிமை

முதலில் நம் கடமை. நன்னீர் மீன்பிடியை மேற்பார்வை செய்வது 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை, சுருக்கமாக நக்டா. மீன்பிடிக்கும் படகுப் பதிவுக்கும் அனுமதிப்பத்திரத்துக்கும் அடிப்படை 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டம். நீர்த்தேக்கம் மகாவலி அதிகார சபையின் பொறுப்பு. விக்டோரியா, ரந்தெனிகல, ரன்டம்பே சூழல் 1987 முதல் வனவிலங்குச் சரணாலயம். எங்கே இறங்கலாம், எதற்கு அனுமதி வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லில் தெளிவு கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அதிகாரி தீர்மானத்தைச் சொல்ல வேண்டும்.

இனி, நம்மிடம் பணம் வாங்கியவர்களின் கடமை.

பில் கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. பில்லில் மாதிரிப் பெயரும் வரிசை இலக்கமும் வொரண்டிக் காலமும் எழுதச் சொல்லுங்கள். வொரண்டி அட்டையே தராவிட்டாலும் உங்களுக்கு உரிமை இல்லை என்று நினைக்காதீர்கள். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, என்ன தேவைக்கு என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கிய பொருள் அந்தத் தேவைக்கு உகந்ததாக இருக்க வேண்டும் என்பது எழுதாத நிபந்தனை. "விக்டோரியாவில் மீன் பிடிக்க" என்று கடையில் சொல்லியே வாங்குங்கள், முடிந்தால் அதை ஒரு குறுஞ்செய்தியாகவும் அனுப்பி வையுங்கள்.

திருத்தக் கொடுத்த வேலைக்கும் சட்டம் உண்டு. இது பலருக்குத் தெரியாது. அதே 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, சேவை வழங்குபவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும், போடும் பொருட்கள் அந்த வேலைக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும் என்கிறது. பொலித்தீன் உடலில் ஃபைபர் ஒட்டிக் காசு வாங்கியவரையும், ஷியர் பின்னுக்குப் பதில் ஆணி சொருகியவரையும் இந்தப் பிரிவின் முன் நிறுத்தலாம். அதற்குச் சாட்சி வேண்டும். திருத்தக் கொடுக்குமுன் பழுதைப் படமெடுங்கள். என்ன செய்யப் போகிறார், என்ன பொருள் போடுகிறார் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய உதிரியைத் திருப்பிக் கேளுங்கள். வொரண்டிக் காலத்தில் பல்சக்கரப் பெட்டியை நீங்களாகத் திறக்காதீர்கள். திறந்த தடம் தெரிந்தால் உங்கள் வாதம் பலவீனமாகும்.

வாடகைக்கு எடுப்பவர்களின் பாடு இன்னும் பரிதாபம். கையெழுத்து வாங்கும் தாளில் "விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்றிருக்கும். சுவரிலும் அதே பலகை. கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று காயப்பட்டவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இதற்காகவே வந்தது. கவனயீனத்தால் நேர்ந்த மரணத்துக்கும் உடற்காயத்துக்குமான பொறுப்பை ஒரு நிபந்தனையாலோ அறிவித்தலாலோ தட்டிக்கழிக்க முடியாது. கசியும் படகைத் தந்திருந்தால், அங்கி தராமல் அனுப்பியிருந்தால், அந்தப் பலகை அவர்களைக் காப்பாற்றாது. உங்கள் பக்கத்துக் கவனயீனத்தையும் நீதிமன்றம் பார்க்கும். ஆகவே தந்த அங்கியை அணியுங்கள். ஏறுமுன் படகை நான்கு பக்கமும் கைத்தொலைபேசியில் படமெடுங்கள்.

முறைப்பாடு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு. தொலைபேசி 1977. தொலைபேசியில் சொன்னால் மட்டும் போதாது, எழுத்தில் கொடுக்க வேண்டும். வொரண்டிப்படி பொருள் இல்லை என்று விசாரணையில் தெரிந்தால், பொருளை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பவோ நட்டஈடு கொடுக்கவோ அதிகாரசபை கட்டளையிடலாம். இந்த முறைப்பாட்டுக்கு வழக்கறிஞர் தேவையில்லை. சிறு பணத் தகராறுகளை 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்கும் மத்தியஸ்த சபையிலும் பேசித் தீர்க்கலாம். திருத்துநர் உள்ளூர்க்காரர் என்றால் இந்த வழியையே நான் சொல்வேன். நாளைக்கும் அவரிடம்தான் போகப் போகிறோம். சரியான முறையை அவரும் கற்றுக்கொள்வார்.

கண்டியில் தமிழில் எழுதினால் யார் பார்ப்பார்கள் என்று முறைப்பாட்டையே கைவிட்டவர்களை எனக்குத் தெரியும். மனம் நோகிற விடயம் அது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. தமிழிலேயே எழுதுங்கள். பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆபத்து நேர்ந்தால் பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. நனையாத பையில் தொலைபேசியைப் போட்டு உடம்போடு கட்டுங்கள்; படகோடு கட்டினால் படகோடு போய்விடும்.

கடைசியாக, அதிகாரசபைக்கான முறைப்பாட்டுக்குக் காலவரையறை பொருளை வாங்கியதிலிருந்து அல்லது சேவையைப் பெற்றதிலிருந்து 3 மாதம். பழுது தெரிந்தும் அடுத்த விடுமுறை வரட்டும் என்று தள்ளிப்போடுகிறவர்கள்தான் இந்த உரிமையை இழக்கிறார்கள். உங்கள் பில்லை எடுத்து இன்றைக்கே திகதியைப் பாருங்கள்.